ஐடிலிங்கில் என்ஜின் ஏன் ஆடுகிறது? அதிகம் ஓடிய பெட்ரோல் காருக்கான எளிய விளக்கம்

ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய ஒரு பெட்ரோல் கார் சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங்கும் இருக்கையும் அதிரத் தொடங்கினால், அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் பெரும்பாலும் உதிரிப் பொருள்களின் பெயர்களாகவே இருக்கின்றன. ஒருவர் தீப்பொறி தரும் பிளக்கை மாற்றச் சொல்வார், மற்றொருவர் காற்றின் வழியைத் திறந்து மூடும் திராட்டில் பாடியைக் கழுவச் சொல்வார், வேறொருவர் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்குக் கிளீனிங்கும், கரியை அகற்றும் கார்பன் கிளீனிங்கும் செய்தால் சரியாகிவிடும் என்பார். எதுவும் பலிக்காதபோது, வண்டிக்கு வயதாகிவிட்டது, இனி அப்படித்தான் இருக்கும் என்ற தீர்ப்பு வந்துவிடும். இந்த யோசனைகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காருக்குப் பொருந்தியிருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உங்கள் காருக்கு எது பொருந்தும் என்பதைச் சோதித்து அறிய முடியும் என்பதும், அந்தச் சோதனைகளில் பல, மாற்றச் சொல்லப்படும் பொருளைவிட மலிவானவை என்பதும் போதுமான அளவு சொல்லப்படுவதில்லை. இக்கட்டுரை அந்தச் சோதனைகளின் வரிசையையும், அவை ஏன் அந்த வரிசையில் அமைய வேண்டும் என்பதையும் விளக்க முயல்கிறது.

## கோளாறு ஏன் ஐடிலிங்கில் வெளிப்படுகிறது

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் என்ஜின் நின்றுவிடாமல் தானாகச் சுழன்றுகொண்டிருக்கும் நிலையையே ஐடிலிங் என்கிறோம். சூடேறிய நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின் இந்த நிலையில் பொதுவாக நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்றுகள் வரை சுழலும். அப்போது அது உண்டாக்கும் சக்தி முழுவதும் தன் உராய்வை வெல்லவும், ஆல்டர்னேட்டரையும் ஏசி கம்ப்ரசரையும் சுழற்றவுமே செலவாகிறது. மிச்சம் என்று எதுவும் இல்லை.

மிதிவண்டியில் மிக மெதுவாகச் செல்லும்போது ஒரு மிதி தவறினால் வண்டி உடனே தடுமாறுவதையும், வேகமாகச் செல்லும்போது அதே தவறு ஏறக்குறைய தெரியாமல் போவதையும் எல்லோரும் உணர்ந்திருப்போம். என்ஜினிலும் நடப்பது இதுவே. நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில், பெட்ரோல் எரியும் அறையான ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எரிகிறது. நிமிடத்துக்கு 800 சுற்றில் ஒரு சிலிண்டர் 400 முறையும், நான்கும் சேர்ந்து 1600 முறையும், அதாவது நொடிக்குச் சுமார் 27 முறையும் உந்துகின்றன. இவற்றில் ஒரு சிலிண்டர் எரியத் தவறினால், நொடிக்கு ஆறு ஏழு முறை ஒரு பள்ளம் விழுகிறது. இந்த மெதுவான உலுக்கலை உடல் மிக எளிதில் உணர்ந்துவிடும். 3000 சுற்றில் அதே தவறு நொடிக்கு 25 முறை நிகழ்கிறது என்றாலும், என்ஜினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் வேகம் பள்ளத்தை நிரவிவிடுவதால் அது ஒரு பொதுவான மந்தமாக மட்டுமே தெரியும். நெடுஞ்சாலையில் நன்றாக ஓடுகிற வண்டிக்குக் கோளாறு இருக்க முடியாது என்று சிலர் முடிவு கட்டுவது இதனால்தான் தவறாகிறது.

மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்போர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அந்த அமைப்பு எல்லாம் சரியாக இருக்கும்போதே நான்கு சிலிண்டரைவிடச் சற்றுக் கூடுதலாக அதிரும். ஆகவே அதே மாடலைச் சேர்ந்த, நல்ல நிலையில் உள்ள இன்னொரு காருடன் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கோளாறு உண்டா என்று முடிவு செய்வது முறை.

## எரிவதற்கு வேண்டிய மூன்று

ஒரு சிலிண்டர் ஒழுங்காக எரிய மூன்று பொருந்த வேண்டும். காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலக்க வேண்டும். அந்தக் கலவை போதுமான அளவு அழுத்தப்பட வேண்டும். சரியான கணத்தில் வலுவான தீப்பொறி கிடைக்க வேண்டும். இவற்றில் ஏதேனும் ஒன்று தவறி எரிப்பு நிகழாமலோ அரைகுறையாகவோ போவதை மிஸ்ஃபயர் என்பர். ஒர்க்‌ஷாப்பில் மிஸ்ஸிங் அடிக்கிறது என்று சொல்வது இதைத்தான்.

இந்த மூன்றுக்கும் ஐடிலிங்கே மிகக் கடினமான வேளை. உள்ளே வரும் கலவை மிகக் குறைவு. முந்தைய எரிப்பின் புகையும் அதில் கணிசமாகக் கலந்து நிற்கும். நிறைய ஓடிய என்ஜினில் பிளக்கின் முனை தேய்ந்து இடைவெளி அகன்றிருக்கும், ரப்பர் குழாய்கள் விறைத்து வெடித்திருக்கும், கலவையை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடும் வால்வுகள் மூடும்போது அமரும் இருக்கை தேய்ந்திருக்கும். இவை ஒவ்வொன்றும் தனியே சிறியதாக இருந்தாலும், முதலில் தோற்றுப்போவது ஐடிலிங்தான்.

இதுவரை சொன்னதன் சாரம் இது: ஐடிலிங்கில் உபரி சக்தி இல்லாததால் சிறு குறையும் வெளியே தெரிகிறது, அந்தக் குறை கலவை, அழுத்தம், பொறி ஆகிய மூன்றில் ஒன்றைச் சேர்ந்ததாக இருக்கும். இந்த மூன்றிலும் சேராத ஒரு காரணமும் உண்டு. அதை முதலில் விலக்கிவிட வேண்டும்.

## ஆடுவது என்ஜினா, அதைத் தாங்கும் ரப்பரா

என்ஜினைக் கார் உடலோடு இணைக்கும் ரப்பர் தாங்கிகளை என்ஜின் மவுண்டிங் என்கிறோம். ரப்பர் கிழிந்தாலோ, உள்ளே எண்ணெய் அடைத்த வகையாக இருந்து அது ஒழுகிப்போனாலோ, முழு ஆரோக்கியமான என்ஜினின் இயல்பான அதிர்வும் அப்படியே ஸ்டியரிங்குக்கு வந்து சேரும். இந்த அதிர்வு சீரானது, இடைவிடாதது. மிஸ்ஃபயரின் உலுக்கலோ விட்டுவிட்டு, தாளம் தப்பி வரும். பானட்டைத் திறந்து என்ஜினைப் பார்த்தும், சைலன்சர் முனையில் புகை வெளியேறும் ஒலியைக் கேட்டும் இவ்விரண்டையும் வேறுபடுத்தலாம். புகை சீரான ஓட்டமாக வந்து, என்ஜினின் கணினியைப் படிக்கும் கருவியான ஸ்கேனரிலும் மிஸ்ஃபயர் எண்ணிக்கை பூஜ்ஜியமாகவே நின்றால், பிளக்குக்கும் இன்ஜெக்டருக்கும் பணம் செலவிடுவதற்கு முன் மவுண்டிங்கைப் பார்ப்பதே நியாயம். ஆட்டோமேட்டிக் கார் டி நிலையில் பிரேக்கில் நிற்கும்போது அதிர்ந்து, நியூட்ரலுக்கு வந்ததும் அடங்கிவிடுவதும் பல நேரங்களில் இதையே காட்டும்.

## ஒரு சிலிண்டரா, எல்லாமா

மவுண்டிங் காரணமில்லை என்று தெரிந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி இதுவே. என் கருத்தில் நோயறிதலின் பாதி இந்த ஒரு கேள்வியில் முடிந்துவிடுகிறது. பிளக், அதற்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயில், இன்ஜெக்டர், வால்வு ஆகியவை சிலிண்டருக்குச் சிலிண்டர் தனித்தனியாக இருப்பவை. அவற்றில் ஒன்று கெட்டால் ஒரு சிலிண்டர்தான் தவறும். திராட்டில், காற்றை அளக்கும் சென்சார், பெட்ரோல் பம்பு ஆகியவை எல்லாவற்றுக்கும் பொதுவானவை. அவை கெட்டால் எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்து தடுமாறும்.

எந்தச் சிலிண்டர் என்பதை ஈசியு, அதாவது என்ஜினை ஆளும் கணினி, தானே கண்டறிந்து வைக்கிறது. கிராங்க்‌ஷாஃப்டோடு சுழலும் பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும் நேரத்தை அது அளக்கிறது. ஒரு சிலிண்டர் எரிந்தால், சிலிண்டர்களின் உந்துதலில் சுழலும் அந்தத் தண்டு கணநேரம் விரைகிறது. எரியாவிட்டால் அந்த இடத்தில் தளர்கிறது. எந்தப் பற்களில் தளர்ச்சி வந்தது என்பதிலிருந்து தவறிய சிலிண்டர் தெரிந்துவிடும். பி0301 என்ற குறியீடு முதல் சிலிண்டரையும், பி0304 நான்காவதையும் குறிக்கும். பி0300 என்றால் தவறுவது ஒரே சிலிண்டரில் நிலைக்காமல் மாறி மாறி வருகிறது என்று பொருள். இக்குறியீடுகளைப் படிக்க உதவும் ஓபிடி-2 என்ற பொது ஏற்பாடு அமெரிக்கக் கார்களில் 1996 முதல் கட்டாயமாயிற்று. இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது.

குறியீடு ஒரு சிலிண்டரைக் காட்டினால், அந்தச் சிலிண்டரின் காயிலைக் கழற்றிப் பக்கத்துச் சிலிண்டரின் காயிலோடு இடம் மாற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும். தவறும் சிலிண்டரும் அதனோடு மாறிவிட்டால் காயில்தான் கெட்டது. மாறாவிட்டால் அடுத்துப் பிளக்கையும், அதன் பிறகு கழற்ற எளிதாக இருந்தால் இன்ஜெக்டரையும் இதே முறையில் சோதிக்கலாம். மூன்றையும் மாற்றியும் கோளாறு அதே சிலிண்டரில் நின்றால், அது பொருத்திய பொருள்களில் இல்லை, சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. அழுத்தத்தைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். புதிய பொருள் ஒன்றுகூட வாங்காமல் இவ்வளவு தூரம் வந்துவிடலாம் என்பதே இச்சோதனையின் அழகு.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் அவசியம். ஓடும் என்ஜினில் பிளக்கின் கேப்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை இக்காலக் கார்களில் கைவிட வேண்டும். உயர் மின்னழுத்தம் ஆளையும் தாக்கலாம், காயிலையும் எரித்துவிடலாம். அடுத்து, செக் என்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் விட்டுவிட்டுச் சிமிட்டினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வெர்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். புகையின் நச்சைக் குறைக்கும் அந்தப் பகுதியின் பீங்கான் உள்ளமைப்பு அந்தச் சூட்டில் உருகிவிடும். காயிலை மாற்றுவதோடு முடிந்திருக்க வேண்டிய செலவு அங்கே பல மடங்காகும். ஆகவே அந்த நிலையில் வண்டியை மிதித்து ஓட்டாமல் ஓரங்கட்டுவதே நல்லது.

## அளக்கப்படாத காற்று

எல்லாச் சிலிண்டர்களும் சேர்ந்து தடுமாறும்போது, பழைய கார்களில் முதலில் ஐயப்பட வேண்டியது வேக்குவம் லீக், அதாவது வெடிப்பு வழியே அளக்கப்படாமல் உள்ளே கசியும் காற்று. ஐடிலிங்கில் திராட்டில், அதாவது காற்றின் வழியைத் திறந்து மூடும் தகடு, ஏறக்குறைய மூடியிருக்கும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் அசையும் பிஸ்டன்கள் காற்றுக்காக இழுத்துக்கொண்டே இருப்பதால், காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். இந்த நிலையில் ஒரு குழாயிலோ, இணைப்பைக் கசியாமல் அடைக்கும் கேஸ்கட்டிலோ வெடிப்பு இருந்தால், அதன் வழியாக வெளிக்காற்று விசையுடன் உள்ளே புகும். அந்தக் காற்று அளக்கும் சென்சாரைக் கடக்காமல் வந்ததால், ஈசியு அதற்கேற்ற பெட்ரோலை முன்கூட்டித் தருவதில்லை. கலவை மெலிந்து எரிப்பு தடுமாறுகிறது.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 1.2 லிட்டர் என்ஜின் ஐடிலிங்கில் நொடிக்குச் சுமார் 2 கிராம் காற்றை இழுக்கிறது என்று கொள்வோம். வெடிப்பின் வழியே 0.3 கிராம் புகுந்தால் அது 15 சதவீதம். அதே என்ஜின் 3000 சுற்றில் சுமை ஏற்று ஓடும்போது 20 கிராம் வரை இழுக்கும். அப்போது அதே 0.3 கிராம் ஒன்றரை சதவீதம்தான். திராட்டில் திறந்ததும் உள்ளழுத்தம் உயர்வதால் கசிவே குறைந்தும் போகும். ஆகவே ஐடிலிங்கில் மோசமாகவும், மிதித்தால் சரியாகவும் இருப்பது வேக்குவம் லீக்கின் அடையாளம்.

இதை எண்ணாகவே பார்க்க முடியும். புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்த பின் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைக் கொண்டு கலவை மெலிந்ததா, செறிந்ததா என்று சொல்கிறது. அதற்கேற்ப ஈசியு பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் செய்யும் திருத்தமே ஃபியூவல் டிரிம். உடனுக்குடன் மாறுவது ஷார்ட் டெர்ம். நீண்ட ஓட்டத்தில் கற்றுக்கொண்டு நினைவில் வைத்திருப்பது லாங் டெர்ம். இரண்டையும் கூட்டி வரும் எண் நேர்க்குறியில் 10 சதவீதத்தைத் தாண்டினால் கலவை மெலிந்திருந்தது, ஈசியு பெட்ரோலைக் கூட்டி ஈடுகட்டுகிறது என்று பொருள். எதிர்க்குறியில் அவ்வளவு போனால் பெட்ரோல் மிகுந்திருந்தது என்று பொருள். ஒழுகும் இன்ஜெக்டர் அதற்கு ஒரு காரணம்.

இந்த எண்ணை ஐடிலிங்கில் ஒரு முறையும், 2500 சுற்றில் சற்று நேரம் நிறுத்தி ஒரு முறையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஐடிலிங்கில் 20, 2500-இல் 4 என்று வந்தால் வேக்குவம் லீக். ஐடிலிங்கில் 3 இருந்து, சாலையில் சுமை ஏற ஏறக் கூடிக்கொண்டே போனால், தேவைப்படும் அளவுக்குப் பெட்ரோல் வந்து சேரவில்லை. பம்பும் ஃபில்டரும் ஐயத்துக்கு உரியவை, அல்லது காற்றை அளக்கும் சென்சார் அழுக்கேறிக் குறைத்துக் காட்டுகிறது. சாதாரண ஸ்கேனரே தரும் இந்த இரண்டு எண்கள் பல நாள் அலைச்சலைத் தவிர்க்கும். பல இடங்களில் ஸ்கேனரைக் குறியீடு படிக்கவும் அழிக்கவும் மட்டுமே பயன்படுத்துவது வருத்தத்துக்குரியது. அழிப்பதற்கு முன் குறியீடுகளையும், கோளாறு பதிவான கணத்தில் என்ஜினின் வெப்பமும் வேகமும் சுமையும் என்னவாக இருந்தன என்ற பதிவையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அழித்தால் அவையும் போய்விடும்.

இந்த எண்களைப் படிக்கும்போது மூன்று நுணுக்கங்களைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. தூய பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால், இக்கலவைக்குச் சுமார் 13.5 பங்கே போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். 10 சதவீத எத்தனாலுக்கு அமைத்த பழைய காரில் டிரிம் ஐந்து சதவீத அளவுக்கு நேர்க்குறியில் நிற்பதைக் கோளாறாகக் கொள்ளக் கூடாது. இரண்டாவது, மிஸ்ஃபயர் நிகழும் சிலிண்டர் எரியாத ஆக்சிஜனையும் வெளியே தள்ளுவதால், அதைக் கண்ட சென்சார் கலவை மெலிந்தது என்று தவறாக எண்ணும். எனவே மிஸ்ஃபயரைத் தீர்த்த பிறகே டிரிமை நம்ப வேண்டும். மூன்றாவது, நம் ஊரின் பல சிறிய கார்கள் உள்ளே வரும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து அதிலிருந்து காற்றைக் கணிக்கின்றன. அவற்றில் கசிந்த காற்றும் கணக்கில் வந்துவிடுவதால் கலவை பெரிதாக மெலியாது. மாறாக ஐடிலிங் வேகம் உயர்ந்தோ ஏறி இறங்கியோ நிற்கும்.

கசிவின் இடத்தைக் கண்டுபிடிக்க மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்தி அது எங்கே வெளிவருகிறது என்று பார்ப்பதே பாதுகாப்பான முறை. சூடான என்ஜினின் மேல் பெட்ரோலையோ கிளீனரையோ தெளித்துப் பார்ப்பது தீப்பிடிக்கும் வேலை. பிரேக் பூஸ்டருக்குச் செல்லும் குழாய், மேனிஃபோல்டு கேஸ்கட், என்ஜினின் அடிப்பகுதியில் சேரும் வாயுவை மீண்டும் உள்ளே இழுக்கும் பிசிவி வால்வின் ரப்பர் ஆகியவையே பழைய கார்களில் பெரும்பாலும் வெடிப்பவை.

சுருக்கமாக: ஒரே சிலிண்டர் தவறினால் பொருள்களை இடம் மாற்றிச் சோதிக்க வேண்டும், எல்லாம் தடுமாறினால் டிரிமை இரண்டு வேகங்களில் படிக்க வேண்டும்.

## திராட்டில் பாடியைக் கழுவிய பின் ஏன் மோசமாகிறது

திராட்டில் தகட்டின் விளிம்பில் காலப்போக்கில் கரிப்படலம் படிகிறது. ஐடிலிங்கில் காற்று செல்லும் இடைவெளியே மிகச் சிறியது என்பதால் படலம் அதை அடைத்துவிடும். ஈசியு அதைக் கற்றுக்கொண்டு தகட்டைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து வைக்கும். படலத்தைத் துடைத்தெடுத்ததும் பழைய அளவுக்குத் திறந்த தகடு இப்போது மிகுதியான காற்றை விடுவதால் ஐடிலிங் உயர்ந்து அலைபாய்கிறது. ஸ்கேனர் வழியாக ஐடிலிங் அளவை மீண்டும் கற்றுக்கொடுக்கும் வேலை முடிந்தால்தான் கழுவும் வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு சில கார்களில் ஐடிலிங் கெடுவதும், ஈசியு கற்றுவைத்த அளவு அழிந்துபோவதால்தான்.

## எப்போது ஆடுகிறது

மெக்கானிக்கிடம் செல்வதற்கு முன் இதை மட்டுமாவது கவனித்துக்கொண்டு போவது பேருதவி. மேடேறும்போதும் மிதிக்கும்போதும் மிஸ்ஸிங் கூடினால் பிளக்கையும் காயிலையும் ஐயப்பட வேண்டும். அப்போது சிலிண்டருக்குள் கூடும் அழுத்தத்தில் பொறி பாய்வதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும். காலையில் ஸ்டார்ட் செய்த சில நொடிகள் மட்டும் ஒரு சிலிண்டர் தவறி, வெண்புகையும் வந்து, என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால், இரவில் கூலன்ட் சிலிண்டருக்குள் கசிகிறது. சிலிண்டர்களை மேலே மூடும் பகுதியான ஹெட்டுக்கு அடியிலுள்ள ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். ஏசி போட்டால் மட்டும் ஆடினால், ஏசியின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சரில் தூசு அடைத்திருப்பதும் அதன் ஃபேன் சரியாக ஓடாததும் கம்ப்ரசரின் சுமையை வெகுவாகக் கூட்டும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

## அழுத்தம் குறைந்த சிலிண்டர்

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் அதே சிலிண்டர் தவறினால், அடைபட்ட கலவை எங்கோ வெளியேறுகிறது. சுற்று குறைவாக இருக்கும்போது கசிவதற்கு நேரம் அதிகம் என்பதால் இக்கோளாறும் ஐடிலிங்கில் மிகுந்து, வேகத்தில் குறையும். மிக அதிகம் ஓடிய கார்களிலும், சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் பொருத்திய கார்களிலும் புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை தேய்வதை இங்கே தனியே சொல்ல வேண்டும். இருக்கை தேயத் தேய வால்வு மேல்நோக்கி ஏறி, வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் டாப்பெட்டுக்கும் இடையே இருக்க வேண்டிய சிறு இடைவெளி மறைகிறது. இறுதியில் வால்வு முழுமையாக மூடாமல் விளிம்பு எரிந்துபோகிறது. டாப்பெட் சத்தம் கேட்டால் கவலைப்படும் நாம், இடைவெளி இறுகும்போது சத்தம் குறைவதை நல்லதென்று எண்ணிவிடுகிறோம். இடைவெளியைக் கையால் சரிசெய்ய வேண்டிய வகை என்ஜின்களில் உற்பத்தியாளர் சொன்ன தூரத்துக்கு ஒரு முறை அதை அளப்பது அவசியம்.

கம்ப்ரஷன் சோதனையில், எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலையும் பொறியையும் நிறுத்தி, திராட்டிலை முழுவதும் திறந்து, நல்ல பேட்டரியுடன் ஸ்டார்ட்டரால் சுழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கிறார்கள். பெரும்பாலான பெட்ரோல் என்ஜின்களில் இது 150 முதல் 200 பிஎஸ்ஐக்குள் இருக்கும்; சரியான அளவு அந்த என்ஜினின் கையேட்டில் உண்டு. மூன்று சிலிண்டர்கள் 170 காட்டி ஒன்று 110 காட்டினால், தவறும் சிலிண்டர் அதுதான். அதற்குள் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஆயிலை விட்டு மீண்டும் அளந்து, அழுத்தம் நன்றாக உயர்ந்தால், பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே அடைக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் அந்த இடைவெளியைத் தற்காலிகமாக அடைத்ததால்தான் உயர்ந்தது. உயராவிட்டால் வால்விலோ ஹெட் கேஸ்கட்டிலோ கோளாறு இருக்கலாம்.

ஹெட்டை இறக்குவதற்கு முன் ஒரு சோதனை மிச்சமிருக்கிறது. இரண்டு வால்வுகளும் மூடிய நிலையில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தி, அது எங்கே சீறி வெளியேறுகிறது என்று காது கொடுத்துக் கேட்பதே லீக்-டவுன் சோதனை. திராட்டில் பக்கம் ஒலி கேட்டால் இன்டேக் வால்வு, சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் ரிங். முதல் இரண்டுக்கும் ஹெட் வேலை போதும். மூன்றாவதற்கு என்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டும் என்பதால், செலவைக் காரின் மதிப்போடு ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டியது இந்த இடத்தில்தான். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டோ, ஹெட்டில் விரிசலோ காரணம். அந்தக் காரை அதன் பிறகு ஓட்டாமல் அங்கேயே விட்டு வருவதுதான் சரி.